லயமும் பெரட்டும்: பிறமொழிச் சொல்லை அளக்கும் கோல் எது?

கோல சிலாங்கூரில், சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை நோக்கி நிற்பது மெலாவத்திக் குன்று. அதன் உச்சியிலுள்ள கலங்கரை விளக்கத்திற்கு அல்திங்ஸ்பர்க் என்று பெயர். 1784ஆம் ஆண்டில் அக்குன்றின் கோட்டையைக் கைப்பற்றிய டச்சுக்காரர் இட்ட பெயர் அது. அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராகிம் கோட்டையை மீட்டுக்கொண்டார். டச்சுக்காரர் அங்கு ஆண்ட காலம் மிகச் சிறிது. ஆயினும் அவர்தம் மொழிச்சொல் ஒன்று குன்றின் கீழுள்ள கடைத்தெருவில் இன்றும் கைமாறி வருகிறது. மலாய்க்காரர் காசை 'டுவிட்' என்கின்றனர். தமிழர் 'துட்டு' என்கின்றனர். இரண்டும் டச்சு நாட்டுச் செப்புக்காசு ஒன்றன் பெயரிலிருந்து வந்தவை. துட்டு என்று சொல்லும் தமிழர் எவரும் தாம் டச்சு மொழி பேசுவதாக எண்ணுவதில்லை. தமிழாசிரியரும் அச்சொல்லைக் கண்டு பெரிதும் சினப்பதில்லை.

ஆனால் அதே மாவட்டத்துத் தோட்டப் பள்ளிகளில் படித்தவர்களின் கட்டுரைத் தாள்களில் வேறு சில சொற்கள் நெடுங்காலமாகச் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு வந்துள்ளன. லயம், பெரட்டு, கிராணி, மங்கு, கித்தா என்பன அவற்றுள் சில. அவை கொச்சை, அயற்சொல், எழுத்துத் தமிழுக்கு ஆகாதவை என்பதே அவற்றின்மீது சாட்டப்படும் குற்றம். மற்றொரு புறம், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கூட்ட மேடையிலும் ஆங்கிலச் சொற்கள் ஒரு வாக்கியத்திற்கு நான்கென வந்து விழுகின்றன. அவற்றை இன்றைய வழக்கு என்று கூறி ஏற்பாரும் உளர். அடிக்க வேண்டுவது எது, ஏற்க வேண்டுவது எது என்பதை அளக்கும் கோல் ஒன்று இல்லாமையே இக்குழப்பத்திற்குக் காரணம்.

ஜப்பானியர் கண்ட வழி

தன் வீட்டு வழக்கில் நடுநிலை காண்பது அரிது. ஆதலின் தமிழோடு உறவில்லாத ஒரு மொழியில் இச்சிக்கல் எவ்வாறு தீர்ந்தது என்பதை முதற்கண் காண்பது பயன் தரும். பிறமொழிச் சொற்களை, அவற்றுள்ளும் ஆங்கிலச் சொற்களை, அளவின்றி ஏற்ற மொழிகளுள் ஜப்பானிய மொழி குறிப்பிடத்தக்கது. அத்தகைய சொற்களை எழுதுவதற்கென்றே கதகானா என்னும் தனி எழுத்து வரிசையை அவர்கள் பயன்படுத்துகின்றனர். பக்கத்தைப் பார்த்த அளவிலேயே வந்த சொல் எது, சொந்தச் சொல் எது என்று பள்ளிச் சிறுவனும் அறிவான்.

அச்சொற்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஜப்பானின் நானூறு ஆண்டு வரலாறு விளங்கும். 1543ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் வந்தனர்; ரொட்டிக்குப் 'பான்' என்ற பெயரும், சட்டைப் பொத்தானுக்குப் 'பொத்தான்' என்பதையொத்த பெயரும், 'தபாகோ' என்ற புகையிலைப் பெயரும் அவர்கள் வழி வந்தன. பின்னர் நாகசாகித் துறைமுகத்தில் தெஷிமா என்னும் சிறு தீவில் டச்சுக்காரர் மட்டும் வாணிகம் செய்ய இடம் பெற்றனர். அவர்களிடமிருந்து 'பீரு', கண்ணாடியைக் குறிக்கும் 'கராசு', அறுவைக் கத்தியைக் குறிக்கும் 'மெசு' ஆகியவை வந்தன. மருத்துவத்தை ஜெர்மானியரிடம் கற்ற காலத்தில் நோயாளியின் பதிவேட்டிற்குக் 'கருதே' என்ற பெயர் அமைந்தது. அலுவலகமும் விளையாட்டும் ஆங்கிலச் சொற்களால் நிறைந்தன. எவரிடம் எதைக் கற்றனரோ, எவரிடம் எதை வாங்கினரோ, அந்தச் சுவடு சொல்லில் தங்கிவிட்டது.

அப்போர்த்துக்கீசியக் கப்பல்கள் தமிழ்க் கரையையும் மலாய்க் கரையையும் தொட்டவையே. ஜப்பானியர் சட்டையில் உள்ள பொத்தானும் தமிழர் சட்டையில் உள்ள பொத்தானும் ஒரே சொல். ஜப்பானியரின் 'பானும்' இலங்கைத் தமிழரின் 'பாணும்' ஒன்றே. தமிழில் ஜன்னலும் மலாய் மொழியில் 'ஜென்டேலா'வும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். அலமாரி இரு மொழிக்கும் பொது. சாவி, மேசை, ஏலம் ஆகியவற்றைத் தமிழர் நாள்தோறும் சொல்லியும் தமிழ் அழிந்துவிடவில்லை.

ஜப்பானியர் சொல்லை ஏற்கும் முறை கருதத்தக்கது. வந்த சொல்லைத் தம் ஒலிமுறைக்கு உட்படுத்தியே ஏற்கின்றனர். மெய்யை அடுத்து மெய் வருமானால் இடையே உயிரொலி ஒன்றைச் செருகுகின்றனர். நீண்ட சொல்லை வெட்டிக் குறுக்குகின்றனர்; தொலைக்காட்சிக்கு ஆங்கிலர் இட்ட நெடும்பெயர் அங்குத் 'தெரெபி' என நின்றது. 'ஸ்ட்ரைக்' என்ற ஒரே ஆங்கிலச் சொல் இருமுறை சென்று இரு வடிவம் பெற்றது. அடிபந்தாட்டத்தில் அது 'சுதொராய்க்கு'. தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் அது 'சுதொராய்க்கி'. ஆங்கிலருக்கு ஒன்றாக இருந்த சொல் ஜப்பானியருக்கு இரண்டாயிற்று. வாங்கிய பொருளைத் தம் தேவைக்கேற்பப் பிரித்துக்கொண்ட உரிமையாளர் செயல் இது.

அவர்கள் தடையையும் செய்து பார்த்தனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆங்கிலம் பகைவர் மொழி எனப்பட்டது. அடிபந்தாட்டத்தில் 'சுதொராய்க்கு' என்று கூவிய நடுவர் 'யோஷி', அதாவது 'சரி', என்று கூவ வேண்டியவரானார். போர் முடிந்தது, பழைய சொல்லே திரும்பி வந்தது. அக்காலத்திலேயே, 1942 முதல் 1945 வரை, மலாயாப் பள்ளிகளில் ஜப்பானிய மொழி புகுத்தப்பட்டதைப் பழைய தலைமுறையினர் அறிவர். அதுவும் பெரட்டு, லயம் என்பன போலத் தோட்ட வழக்கில் வேரூன்றவில்லை. ஆணையால் மட்டும் ஒரு சொல்லை ஓட்டவும் முடியாது. ஊன்றவும் முடியாது என்பது இவ்விரு நிகழ்ச்சிகளாலும் பெறப்படும்.

தோட்டத் தமிழ் செய்த இலக்கணம்

இனித் தோட்டத்திற்கு வருவோம். புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், பின்னாளில் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை, அப்பால் ரவாங், உலு சிலாங்கூரில் காலும்பாங் வரை பரந்து கிடந்த ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் இலக்கணம் படித்தவரல்லர். ஆனால் அவர்தம் நாவு பிறமொழிச் சொல்லை நடத்திய முறை இலக்கணத்திற்கு இசைந்ததாக உள்ளது.

வடசொல்லைத் தமிழில் வழங்கும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்துமாறு அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது தொல்காப்பியர் காட்டிய நெறி. பிறமொழிச் சொல் வரவே கூடாது என்பது அவர் கருத்தன்று. வந்தால் எவ்வாறு வரவேண்டும் என்பதே அவர் கருத்து. பிற்கால இலக்கண நூலார் வேறு திரிபின்றி வருவதைத் தற்சமம் என்றும், திரிந்து தமிழாகி வருவதைத் தற்பவம் என்றும் பிரித்தனர். தோட்டத்துச் சொற்களை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம்.

தொழிலாளர் குடியிருப்பு வரிசையை ஆங்கிலத் துரைமார் 'லைன்' என்றனர். தொழிலாளர் அதனை மகர ஈற்றுச் சொல்லாக்கி 'லயம்' என்றனர். குதிரை லாயத்தை நினைந்து இட்ட பெயர் அது என்று கூறுவாரும் உளர். மக்கள் வாழிடத்தின் நிலையை எண்ணினால் அக்கூற்றில் கசப்பான பொருத்தம் இல்லாமற் போகவில்லை. எவ்வாறாயினும், மகர ஈறு பெற்றதும் குளம் 'குளத்தில்' ஆவது போல லயம் 'லயத்தில்' ஆயிற்று; 'லயத்து வீடு' என அத்துச் சாரியையும் ஏற்றது. மலாய் மொழியின் 'கம்போங்' அவ்வாறே 'கம்பம்' ஆகி, 'கம்பத்து வீடு' என நின்றது. எழுதி நிரப்பும் ஆங்கிலப் 'பார்ம்' தமிழில் 'பாரம்' ஆகிப் 'பாரத்தை நிரப்பு' என வந்தது. மூன்று சொற்கள், இரு மொழிகள். மூன்றுக்கும் ஒரே விதி. எவரும் கூடி வகுக்காத விதி இது. தமிழின் இயல்பே வகுத்தது.

விடியுமுன் தொழிலாளரை வரிசையாக நிறுத்திப் பெயர் குறித்து வேலை பிரிக்கும் நிகழ்ச்சிக்குப் பெரட்டு என்று பெயர். 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு அது என்பர். தமிழில் அது வன்றொடர்க் குற்றியலுகரமாக அமைந்தது. எனவே பாட்டுக் கச்சேரி என்பதிற் போலவே 'பெரட்டுக் களம்' என வல்லெழுத்து மிகுகிறது. மலாய் மொழியில் கிண்ணத்தைக் குறிக்கும் 'மங்கோக்' ரப்பர் மரத்துக் கிண்ணத்தின் பெயராகிச் சங்கு, பங்கு என்பன போல 'மங்கு' என்றாயிற்று. அலுவலகக் கணக்கரைக் குறிக்கும் 'கெரானி' கிராணியாகிக் 'கிராணியார்' என்று மதிப்பும், 'கிராணிமார்' என்று பன்மையும் பெற்றது. தமிழ் விகுதி ஏற்று, தமிழ்ச் சாரியை ஏற்று, தமிழ்ப் புணர்ச்சிக்கு உட்பட்ட சொல்லை அயற்சொல் என்று தள்ளுவது, மணமாகி வந்து நாற்பது ஆண்டு ஆன மருமகளை விருந்தாளி என்று அழைப்பதை ஒக்கும்.

ஜப்பானில் 'ஸ்ட்ரைக்' இரண்டானது போல இங்கும் நடந்தது. லயம் என்பது குடியிருப்பு. 'லைன்' என்பது கடையில் நிற்கும் வரிசையும் தொலைபேசித் தொடர்பும். பெரட்டு என்பது தோட்டத்துக் காலைக் கூட்டம். 'பரேட்' என்பது காவலர் அணிவகுப்பு. முதல் வடிவம் செவி வழி வந்து தொழிலாளர் வாயில் தமிழானது. இரண்டாம் வடிவம் பள்ளி வழியும் நகர் வழியும் வந்து ஆங்கிலமாகவே நின்றது. இவ்விரண்டனுள் பள்ளிக்கூடம் அடித்தது முதல் வடிவத்தை; நகர் வழக்கு பொறுத்துக்கொண்டது இரண்டாம் வடிவத்தை. திருத்தம் தலைகீழாக நடந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மொழிமுதலில் லகரம் வரலாகாதே என்று ஒரு தடை எழலாம். எழுத்து வழக்கில் இலயம் என இகரம் முன்னிட்டு எழுதினால் அத்தடை நீங்கும். அரங்கன், உலகம், இலாபம் என எழுதப் பழகிய கைக்கு அது பெரிய பணியன்று.

சொற்கள் காட்டும் வரைபடம்

இலக்கணத்திற்கு அப்பால் இச்சொற்களில் வரலாறும் உள்ளது. தோட்டத்துச் சொற்களை மொழி வாரியாகப் பிரித்து வைத்தால் ஓர் உண்மை தெளிவாகும்.

தொழிலாளரின் கை செய்த வேலைக்குரிய சொற்கள் பெரும்பாலும் தமிழ். மரத்திலிருந்து வடிவது பால். அதனை எடுக்கும் தொழில் பால்வெட்டு. மரங்களின் வரிசை நிரை. சங்க நூல்களிலும் பயிலும் சொல் அது. பட்டையில் ஒட்டி உலர்ந்தது ஒட்டுப்பால். மங்கில் உறைந்தது கட்டிப்பால். மரத்திற்கே பால்மரம் என்று பெயரிட்டனர். தமிழ்நாட்டு எழுத்தாளர் அகிலன் மலேசியத் தோட்ட வாழ்வை நாவலாக்கியபோது 'பால்மரக் காட்டினிலே' என்றே தலைப்பிட்டார். பிரேசில் நாட்டிலிருந்து வந்த மரத்திற்கு, ஆங்கிலர் நடத்திய தோட்டத்தில், மலாய் மண்ணில், தமிழர் இட்ட பெயர் பால்மரம். சொல் வறுமை உடையவர் செய்யும் செயலன்று இது.

மண்ணோடும் அங்காடியோடும் தொடர்புடைய பொருள்களுக்கு மலாய்ச் சொற்கள் வந்தன. ரப்பரைக் குறிக்கும் கித்தா, 'கெத்தா' என்னும் மலாய்ச் சொல். ஆங்கிலர் 'கட்டா பெர்ச்சா' என்று சொல்லும் மரப்பிசின் பெயரிலும் அதே மலாய்ச் சொல்லே உள்ளது. ஆங்கிலர் எடுத்தால் அறிவியற் பெயர், தமிழ்த் தொழிலாளர் எடுத்தால் கொச்சை என்பது என்ன நீதி? பால் வாளிகளைத் தோளில் தூக்கும் காண்டா, மலாய் மொழியின் 'கண்டார்' என்பதோடு ஒலியும் பொருளும் ஒத்து நிற்கிறது.

மேலிருந்து வந்த ஏற்பாடுகளுக்கே பெரும்பாலும் ஆங்கிலச் சொற்கள் உள்ளன. எங்கே குடியிருப்பது என்பதை முடிவு செய்தது லயம். எப்போது எழுவது, எங்கே நிற்பது என்பதைப் பெரட்டு முடிவு செய்தது. உரிமை கேட்க எழுதிக் கொடுக்க வேண்டியது பாரம். நோய்க்கு மருந்து கொடுத்தவர் டிரெசர். தோட்டம் பிரிக்கப்பட்ட பகுதி டிவிஷன். உழைப்புக்குத் தமிழும், நிலத்துக்கு மலாயும், கட்டளைக்கு ஆங்கிலமும் என்று பொதுப்படக் கூறலாம். விதிவிலக்குகளும் உண்டு. துரை, கங்காணி, கூலி என்பவை கட்டளை உலகத்தைச் சேர்ந்த தமிழ்ச் சொற்களே. ஆனால் ஆள் திரட்டல் தமிழ்நாட்டில் தொடங்கியது என்பதை அவ்விலக்கே காட்டுகிறது. கண்காணி என்னும் தமிழ்ச் சொல் கங்காணியாகி ஆங்கிலச் சட்ட ஏடுகளிலும் புகுந்தது. கடன் ஒரு வழிப் பாதையன்று. மலாய் மொழியில் வழங்கும் 'கெடாய்', 'கப்பால்', 'பெட்டி', 'கட்டில்', 'கூயில்' ஆகியவை கடை, கப்பல், பெட்டி, கட்டில், கோயில் என்னும் தமிழ்ச் சொற்களே என்பதை ஆசிரியர் பலரும் அறிவர்.

இப்போது ஒரு கட்டுரைத் தாளை எண்ணிப் பார்க்கலாம். 'அம்மா விடியுமுன் பெரட்டுக்குப் போனார். பிறகு நிரையில் மங்கு துடைத்துப் பால் வெட்டினார்' என்று மாணவி எழுதுகிறாள். திருத்தும் கை, 'அம்மா அதிகாலையில் கூட்டத்திற்குச் சென்றார். பிறகு வரிசையில் கிண்ணத்தைத் துடைத்துப் பால் எடுத்தார்' என மாற்றுகிறது. திருத்திய வாக்கியத்தில் பிழை இல்லை, உண்மையும் இல்லை. அந்தத் தாய் சென்றது கூட்டத்திற்கன்று. பிந்தினால் அன்றைய பெயரையும் அதனோடு கூலியையும் இழக்க நேரும் இடத்திற்கு அவர் சென்றார். கிண்ணம் என்றால் படிப்பவர் கண்முன் வருவது சமையலறை. மங்கு என்றால் வருவது இருட்டில் விளக்கோடு நிற்கும் மரம். தன் தாயின் வேலையைத் தாய் சொல்லும் சொல்லால் எழுதிய குழந்தைக்குக் கிடைத்த பாடம், தன் வீட்டில் பேசுவது தமிழன்று என்பதே.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று விதித்தது. அவ்வாறு எழுந்த பள்ளிகள் பல, லயத்திற்கும் பெரட்டுக் களத்திற்கும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. அத்தனை அருகில் இருந்த பள்ளி அச்சொற்களைக் கேட்டும் பதிவு செய்யாமல் விட்டது வருந்தத்தக்கது.

தூய தமிழார் தடை

இதற்கு எதிராகத் தூய தமிழ் அன்பர் எழுப்பும் தடை வலிமையுடையது. அதனை எளிதில் ஒதுக்குதல் முறையன்று. மணிப்பிரவாள நடையால் தமிழ் தன் சொற்களையே மறந்த காலம் ஒன்று இருந்தது. 1916ஆம் ஆண்டில் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியிராவிட்டால் இன்று வழங்கும் நல்ல சொற்கள் பல கிடைத்திரா. பேருந்து, மகிழுந்து, மிதிவண்டி என இங்குள்ள பிள்ளைகள் தயக்கமின்றி எழுதுவது அவ்வியக்கத்தின் பயனே. ரப்பருக்குப் பின் வந்த மரத்திற்கு மலேசியத் தமிழர் 'செம்பனை' என்று பெயரிட்டனர். பழத்தின் நிறமும் மரத்தின் இனமும் ஒரு சொல்லில் அடங்கிய அழகிய ஆக்கம் அது. ஆக்கும் ஆற்றல் இருக்கும்போது கடன் எதற்கு என்று அவர்கள் கேட்கின்றனர்.

கேள்வி நியாயமானதே. ஆனால் தனித்தமிழ் இயக்கம் போரிட்டது, தமிழ்ச் சொல் உயிரோடு இருக்கும்போதே அதனைத் தள்ளிவிட்டு அதன் இருக்கையில் அமர்ந்த அயற்சொல்லோடு. சோறு இருக்க 'ரைஸ்' எதற்கு, நேரம் இருக்க 'டைம்' எதற்கு என்பது அப்போரின் நேரிய பொருள். லயம் எந்தத் தமிழ்ச் சொல்லின் இருக்கையையும் பறிக்கவில்லை. வீடு வீடாகவே இருந்தது; குடிசை குடிசையாகவே இருந்தது. இவ்விரண்டிலும் சேராத, முன்பு தமிழர் கண்டிராத ஒரு குடியிருப்பு முறைக்கு லயம் பெயரானது. தோட்டத் தமிழர் மழையையும் சோற்றையும் தாயையும் ஆங்கிலத்தில் சொன்னதில்லை. தமக்கு வாய்த்த புதிய துன்பங்களுக்கும் புதிய கருவிகளுக்கும் மட்டுமே பிறமொழிப் பெயரை ஏற்றனர். அளவறிந்து வாங்கிய கடன் அது.

கதவடைக்கும் சொற்கள்

அப்படியானால் கண்டிக்கத்தக்க பிறமொழிச் சொல் எது? இதற்கும் ஜப்பானியர் பட்டறிவு விடை தருகிறது. கடன் சொற்களில் ஊறிய அந்நாட்டிலேயே அண்மைக் காலத்தில் கவலை தோன்றியது. 2013ஆம் ஆண்டில் எழுபது வயது கடந்த ஒருவர், தேசிய ஒலிபரப்பு நிறுவனம் அளவுக்கு மீறி ஆங்கிலச் சொற்களைப் பெய்து பேசுவதால் தமக்கு நிகழ்ச்சிகள் விளங்கவில்லை என்றும், அதனால் மனவேதனை உற்றதாகவும் கூறி இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். வழக்கு தள்ளுபடியாயிற்று, அவர் எழுப்பிய கேள்வி நின்றது. அதற்கு முன்பே, 2003 முதல் 2006 வரை, ஜப்பானிய மொழிக்கான தேசிய ஆய்வு நிலையம் விளங்காத கடன் சொற்களுக்கு மாற்றுச் சொற்களைப் பரிந்துரைத்தது. முதியோர் பகலில் சென்று பராமரிப்புப் பெற்றுத் திரும்பும் உதவிக்கு ஆங்கிலத்தில் 'டே சர்வீஸ்' என்று பெயர் வைத்திருந்தனர். யாருக்காக அவ்வுதவியோ அம்முதியோருக்கே அப்பெயர் விளங்கவில்லை. அன்றே சென்று திரும்பும் பராமரிப்பு என்று பொருள்படும் ஜப்பானியச் சொல் அதற்குப் பரிந்துரைக்கப்பட்டது. நோயாளிக்கு விளக்கி அவர் ஒப்புதலைப் பெறுவதற்கான மருத்துவத் தொடர் ஒன்றும் அவ்வாறே மாற்றம் பெற்றது. பொத்தானையும் பானையும் எவரும் மாற்றச் சொல்லவில்லை.

இங்கே கோல் கிடைத்துவிடுகிறது. சொல்லின் பிறப்பு அன்று அளவை. அது மொழியின் இயல்புக்கு உட்பட்டதா என்பது ஒன்று. யாரை நோக்கிச் சொல்லப்படுகிறதோ அவருக்குக் கதவைத் திறக்கிறதா, அடைக்கிறதா என்பது மற்றொன்று. பெரட்டும் லயமும் எழுத்தறியாத முதியவருக்கும் விளங்கும். 'உங்கள் அப்பாயின்மென்டை கன்பர்ம் பண்ணி, ரிப்போர்ட்டை கவுன்டரில் சப்மிட் பண்ணுங்கள்' என்று மருத்துவமனை வாயிலில் ஒரு தமிழர் மற்றொரு தமிழருக்குச் சொன்னால், கேட்பவர் ஆயுள் முழுதும் தோட்டத்தில் உழைத்தவரானால், அதில் 'உங்கள்', 'பண்ணுங்கள்' தவிர வேறெதுவும் அவருக்கு உரியதன்று. அத்தொடரில் உள்ள ஆங்கிலச் சொற்கள் தமிழாகவில்லை. தமிழ் வினை ஒன்றும் அங்கு இல்லை. 'பண்ணு' என்பது சுமை தூக்கும் ஆளாக நிற்கிறது. சிவப்பு மை செல்ல வேண்டிய இடம் இதுவே. 'குறித்த நாளை உறுதிப்படுத்தி, அறிக்கையை முகப்பில் கொடுங்கள்' என்பது கடினத் தமிழன்று, எவருக்கும் விளங்கும்.

படித்தவர் வாயிலிருந்து வரும் சொல்லைப் பொறுத்துக்கொண்டு, உழைத்தவர் வாயிலிருந்து வரும் சொல்லைத் திருத்தும் பழக்கத்தைத் தூய்மைப் பற்று என்று சொல்வது பொருந்தாது. அது சொல்லை அளப்பதன்று, சொன்னவரை அளப்பது.

செய்ய வேண்டுவன

காலம் குறுகியது. வட சிலாங்கூரில் ரப்பர் நின்ற நிலங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. செம்பனையில் மங்கு இல்லை, ஒட்டுப்பால் இல்லை. மக்கள் அடுக்குமாடிகளுக்கும் சிறு நகரங்களுக்கும் பெயர்ந்தனர். தோட்டத்தைக் குறிக்கும் 'லாடாங்' என்னும் மலாய்ச் சொல் பல தமிழ்ப் பள்ளிகளின் பெயரில் இன்னும் நிற்கிறது. அப்பள்ளிகளுள் சிலவற்றைச் சுற்றித் தோட்டம் இல்லை. அங்குப் படிக்கும் பிள்ளைகளுட் பலர் பெரட்டு என்ற சொல்லைக் கேட்டதில்லை. அவர்தம் பாட்டிமாரோ அச்சொல்லின்றித் தம் இளமையைச் சொல்ல இயலாதவர். ஒரு தலைமுறை கழிந்தால் மலேசியத் தமிழ்க் கதைகளில் வரும் இச்சொற்களுக்கு உரை எழுத வேண்டிய நிலை வரும். உரை எழுதுவாரும் அரியர் ஆவர்.

ஆசிரியர் செய்யத்தக்கவை எளியவை. இச்சொற்களைக் கட்டுரையில் கண்டால் அடியாமல், பொருளை ஓரத்தில் எழுதச் செய்யலாம். எங்கிருந்து வந்தது, எவ்வாறு தமிழாயிற்று என்று வகுப்பில் காட்டினால், அத்துச் சாரியையும் குற்றியலுகரமும் மாணவர் மனத்தில் மறவாமல் பதியும். குளம், குளத்தில் என்று காட்டிய பின் லயம், லயத்தில் என்று காட்டும் ஆசிரியர், இலக்கணம் என்பது நூலில் உறங்கும் விதியன்று, பாட்டியின் வாயில் வாழும் இயல்பு என்பதையும் உடன் காட்டியவர் ஆவார். விடுமுறையில் பிள்ளைகள் முதியோரிடம் கேட்டு ஆளுக்குப் பத்துச் சொல் எழுதி வந்தால், ஒரு பள்ளியிலேயே சிறு அகராதி ஒன்று உருவாகும். தேர்வுக் கட்டுரையில் பொதுத் தமிழை வேண்டுவது சரியே. அதனையும் பிள்ளைகள் கற்க வேண்டும். ஒன்றைக் கற்பிக்க மற்றொன்றை இழிக்க வேண்டுவதில்லை.

இம்முயற்சிக்கு முன்மாதிரி கோலாலம்பூரிலேயே உண்டு. அந்தாவோ தெ புரோவென்சா என்னும் போர்த்துக்கீசியப் பாதிரியார் தொகுத்த தமிழ் போர்த்துக்கீசிய அகராதி 1679ஆம் ஆண்டில் மலையாளக் கரையில் அம்பலக்காட்டில் அச்சாயிற்று. பின்னர் மறக்கப்பட்டுக் கிடந்த அந்நூலைத் தனிநாயக அடிகளார் 1966ஆம் ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறையின் வழி மீண்டும் வெளியிட்டார். முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடிய ஆண்டும் அதுவே. தமிழைக் கற்க வந்த வெளிநாட்டார் ஒருவர் திரட்டிய சொற்கள் முந்நூறு ஆண்டுக்குப் பின்னும் ஆராய்ச்சியாளருக்குப் பயன்படுகின்றன. தமிழிலேயே பிறந்து வளர்ந்தவர், தம் ஊர்ச் சொற்களைத் திரட்டத் தயங்குவதற்குக் காரணம் இல்லை.

மெலாவத்திக் குன்றின் கலங்கரை விளக்கத்துக்குப் பெயர் கொடுத்தவர் எவர் என்பதைப் பெயரே சொல்கிறது. பால்மரக் காட்டில் விடியுமுன் எழுந்தவர்களுக்கு அத்தகைய நினைவுச் சின்னம் ஏதுமில்லை. அவர்கள் விட்டுச் சென்றவற்றுள் அவர்களே ஆக்கியவை என்று சொல்லத்தக்கவை இச்சொற்கள். சிவப்பு மைக்கூட்டைத் திறக்குமுன் தமிழாசிரியர் அதனை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.